சும்மாப் பச்சை

ஜூன் 3, செவ்வாய்

ரெக்கார்டு நோட்டில் தேதி, அளவு, முடிவு மட்டும்தான் எழுத வேண்டும் என்பது என் கைடு ஹெப்சிபா மேடத்தின் உத்தரவு. அதில் திட்ட முடியாது. திட்டுவதற்கென்று இந்த டைரி.

இன்று திட்ட வேண்டியது கிழட்டு எலிகளின் இதயத்தை. வயதான இதயத் தசையில் ஒரு புரதம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. அந்தப் புரதத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ள ஓர் ஆன்டிபாடி, அதன் வாலில் பச்சைச் சாயம். மைக்ராஸ்கோப்பில் நீல ஒளி பாய்ச்சினால் புரதம் இருக்கும் இடம் மட்டும் பச்சையாக மின்ன வேண்டும். மின்னுகிறது. இல்லாத இடமும் சேர்ந்து மின்னுகிறது. எதுவுமே பூசாத ஸ்லைடை வைத்துப் பார்த்தேன், அதுவும் ஜம்மென்று மின்னுகிறது. வயதான திசுவில் சேரும் கொழுப்புத் துகள், ஃபார்மலினில் ஊறியது, ரத்தத் துணுக்கு எல்லாம் தானாகவே ஒளிரும். புத்தகத்தில் இதற்கு நீளமான பெயர் உண்டு. எங்கள் லேபில் 'சும்மாப் பச்சை' என்போம். யாரும் எதுவும் பூசாமல் சும்மாவே பச்சையாக நிற்பதால்.

ஜர்னலுக்கு அனுப்பிய பேப்பரைத் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பிய புண்ணியவான் கேட்டிருப்பது ஒன்றுதான்: பின்னணி கறுப்பாக இருக்கும் படம். ஆகஸ்ட் பிறப்பதற்குள் கொடுத்தால் பேப்பர் வரும், பேப்பர் வந்தால் தீசிஸ். இல்லாவிட்டால் இன்னும் ஒரு வருஷம் இதே எலி, இதே திருச்சி வெயில், இதே மெஸ் சாம்பார்.

ஜூன் 5, வியாழன்

போரோஹைட்ரைடு என்ற ரசாயனம் போட்டால் சும்மாப் பச்சை அடங்கும் என்று எங்கோ படித்துவிட்டுப் போட்டேன். சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி பொங்கியது. பச்சை அடங்கியதோ என்னவோ, திசு கண்ணாடியை விட்டுக் கழன்று மிதந்தது.

"நீந்தக் கத்துக்கிச்சுங்ண்ணா" என்றாள் கோகிலவாணி, பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு.

சிரித்துவிட்டேன். அப்புறம்தான் கோபம் வந்தது.

கோகிலவாணி என் ஜூனியர், போன வருஷம் சேர்ந்தவள், ஊர் பவானி. இதயத்தை மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, சுருக்கம் விழாமல் கண்ணாடியில் ஏற்றுவதற்கு அவளை விட்டால் இந்தக் கட்டடத்தில் ஆள் கிடையாது. ஸ்லைடு செய்வது அவள், சாயம் பூசிப் படம் எடுப்பது நான். ஒரே குறை, வாக்கியத்துக்கு ஒரு 'ங்ண்ணா' போடுகிறாள். சரிங்ண்ணா, இல்லீங்ண்ணா, வெச்சுட்டேனுங்ண்ணா. கொங்குப் பக்கம் அப்படித்தான் என்று தெரியும். இருந்தாலும் முப்பது வயதில் எனக்கு இவ்வளவு தங்கை தேவையில்லை.

ஜூன் 6, வெள்ளி

கோகிலா லீவு. பவானியில் கோயில் வேண்டுதலாம். சரி, இருக்கிற ஸ்லைடுகளை கான்ஃபோகல் மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம் என்று மூன்றாவது மாடி ஏறினால் அந்த அறையும் பூட்டிக் கிடக்கிறது. ஆபரேட்டர் அறிவழகனும் லீவு. நான் படியேறும் நாளாகப் பார்த்து லீவு போடுகிறான். அந்த ஆளை எனக்கு எப்போதுமே பிடிக்காது. காரணம் ஒன்றும் கிடையாது.

ஜூன் 9, திங்கள்

மேடம் பழைய வைத்தியத்துக்கே போகச் சொன்னார்கள். சூடான் பிளாக். ஆல்கஹாலில் கரைத்த கறுப்புச் சாயம், கொழுப்புத் துகள்களின் மேல் படிந்து அவற்றின் மினுக்கத்தை அமுக்கிவிடும். வடிகட்டாமல் ஊற்றித் தொலைத்தேன். ஸ்லைடு முழுக்க எள் தூவிய மாதிரி ஆகிவிட்டது. மூன்று மணி நேர வேலை குப்பைக்கு.

கோகிலா பிரசாதம் என்று லட்டு கொண்டுவந்தாள். கோயில் லட்டு மாதிரி இல்லை, கல்யாண வீட்டு லட்டு மாதிரி முந்திரி நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. இரண்டு தின்றேன்.

சாயங்காலம் அவளுடைய பெரியப்பா வந்தார். எங்கள் நிறுவனத்தின் அலுவலகத்தில் சூப்பரின்டெண்ட். அவளை இங்கே சேர்த்துவிட்டவர் அவர்தான். தினமும் ஐந்தரைக்கு லேப் வாசலில் நின்று "நேரமாச்சு கண்ணு, கெளம்பு" என்று சொல்லி ஹாஸ்டல் வாசல் வரை கொண்டுபோய் விட்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும். இன்று என்னைப் பார்த்து, "வெள்ளிக்கெழமை மதுரைல கருத்தரங்கு எப்படிங் தம்பி போச்சு?" என்றார். என்ன கருத்தரங்கு? வேறு யாரையோ நினைத்துக்கொண்டு கேட்கிறார், வயதாகிவிட்டது பாவம். "நல்லா போச்சுங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

ஜூன் 12, வியாழன்

சூடான் பிளாக்கை வடிகட்டிப் போட்டேன். துகள்கள் அணைந்துவிட்டன! போன மாதம் கோகிலா செய்து வைத்திருந்த பழைய ஸ்லைடில் பின்னணி ஏறக்குறைய கறுப்பு. மெஸ்ஸில் கூட ஒரு அப்பளம் கேட்டு வாங்கினேன்.

ஜூன் 17, செவ்வாய்

அப்பளம் தின்றதுதான் மிச்சம். இந்த வாரம் செய்த புது ஸ்லைடுகளில் வேறொரு தொல்லை. துகள்கள் அணைந்தே இருக்கின்றன. ஆனால் திசுவைச் சுற்றிப் புகை போட்ட மாதிரி ஒரு பச்சை. சாயம் பூசாத ஸ்லைடிலும் அதே புகை. போன மாதத்து ஸ்லைடுகளில் இது இல்லவே இல்லை.

ஆல்கஹால் பாட்டில் புதுசு. அதன் வேலையாகத்தான் இருக்கும். நாளைக்குப் பழைய பாட்டிலைத் தேட வேண்டும்.

ஜூன் 18, புதன்

பாட்டில் இல்லை. ஜாடியாக இருக்கும்.

ஜூன் 19, வியாழன்

ஜாடியும் இல்லை. சோப்பும் இல்லை. என் தலையெழுத்தைத்தான் இன்னும் மாற்றிப் பார்க்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

ஏசி படுத்துவிட்டது. எல்லோரும் கோட்டின் பொத்தான்களைத் திறந்து போட்டுக்கொண்டு விசிறிக்கு அடியில் நிற்கிறோம். கோகிலா மட்டும் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு வியர்த்து வழிகிறாள். கேட்டால், "சளி புடிச்சிருக்குங்ண்ணா."

பேசும்போது இரண்டு விரலால் காலரை உள்ளே தள்ளிவிடுகிறாள். புதுப் பழக்கம். கையுறையோடு, அதுவும் ஆல்கஹால் தெளித்து ஈரமான கையுறையோடு. கையுறை போட்ட கையால் உடம்பைத் தொடாதே என்று இந்த லேபில் நான் கத்தாத ஆள் இல்லை. அவளிடம் சொல்லவில்லை. சளி பிடித்திருக்கும்போது எதற்கு.

தக்காளி சாதம் கொண்டுவந்திருந்தாள். எனக்கும் ஒரு கரண்டி வைத்தாள். காரம் சரியாக இருந்தது.

ஜூன் 24, செவ்வாய்

ஸ்லைடுகளைப் பளீரென்ற எல்இடி விளக்கின் கீழ் ஒரு நாள் முழுக்க வைத்தால் சும்மாப் பச்சை வெளுத்துப் போகும். வைத்தேன். வெளுத்தது! புகையும் போயே போச்சு. அடுத்த ஸ்லைடுகளை எடுத்தேன். திரும்பவும் புகை. ஒவ்வொரு முறையும் வெயிலில் துணி காயப்போடுவது மாதிரி வெளுத்துக்கொண்டிருந்தால் ஆகஸ்ட் என்ன, பொங்கலே வந்துவிடும். பிடிவாதமாக வெளுக்க விட்டால் திசுவும் கெடுகிறது.

ஜூன் 27, வெள்ளி

கோகிலா ஊருக்குப் போயிருந்தாள். நானே சீவிக் கொஞ்சம் ஸ்லைடு செய்தேன். சீவல்கள் சுருங்கிப் போன வேட்டி மாதிரி இருந்தன. ஆனால் புகை இல்லை. பின்னணி கறுப்பு.

தற்செயல். ஒரே ஒரு முறை செய்ததை வைத்து எதையும் சொல்லக் கூடாது. அவள் கையில் தவறு வராது. ரெக்கார்டு நோட்டில் ஏற்றவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

லேப் மீட்டிங்கில் மேடம் படங்களை வரிசையாகப் பார்த்தார்கள்.

"பூவராகன், இந்தப் புகை கோகிலா ஸ்லைடுல மட்டும்தானே வருது?"

"அப்படிச் சொல்ல முடியாது மேடம்."

"ஏன் முடியாது? நீங்க செஞ்சது ஒண்ணு சுத்தமா இருக்கே."

என் டிராயரை எப்போது பார்த்தார்களோ. நான் எழுந்து ஆல்கஹால், ஜாடி, சோப்பு, மெழுகு, தண்ணீர் என்று வாதாடினேன். வக்கீலுக்குப் படித்திருக்கலாம். மேடம் அலுத்துப்போய், "திங்கக்கெழமைக்குள்ள காரணம் சொல்லுங்க. இல்லன்னா கோகிலாவ வேற பிராஜெக்டுக்கு மாத்திடுறேன்" என்றார்கள். கோகிலா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். மற்ற நாளில் மேடத்துக்கே பதில் சொல்லுகிறவள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஜூலை 3, வியாழன்

எந்தெந்த நிறத்தில் எவ்வளவு ஒளிர்கிறது என்று வரைபடமாகப் போட்டுப் பார்த்தால் ஆளைப் பிடித்துவிடலாம். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வளைவு உண்டு. அதற்கு கான்ஃபோகல் வேண்டும், கான்ஃபோகலுக்கு அறிவழகன் வேண்டும். போனேன்.

வளைவு திரையில் வந்ததும் அவன் அதைச் சட்டென்று சிறிதாக்கினான்.

"இது டிஷ்யூதாங்க. வயசான டிஷ்யூ இப்படித்தான் இருக்கும். விட்டுருங்க" என்றான்.

"டிஷ்யூன்னா வளைவு படுத்த மாதிரி பரந்து கெடக்கும். இது ஒட்டகத் திமில் மாதிரி நிக்குதே."

"மெஷின் சர்வீஸ் பண்ணி நாளாச்சுங்க."

தன் மெஷினைத் தானே குறை சொல்லும் ஆபரேட்டரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். அதில் விரல் படாமல் துடைக்கிற ஆள். வளைவைப் பென் டிரைவில் கேட்டேன். ஏதோ கிட்னியைக் கேட்ட மாதிரி தயங்கித் தயங்கிக் கொடுத்தான்.

ஜூலை 4, வெள்ளி

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் போனதும் லேபின் ஜன்னல்களை அடைத்துவிட்டு, நீல டார்ச்சும் ஆரஞ்சுக் கண்ணாடியுமாகத் திருடனைத் தேடக் கிளம்பினேன். ஒளிர்கிற எதுவும் அந்தக் கண்ணாடிக்குத் தப்பாது. ஜாடிகள் இருட்டு. பாட்டில்கள் இருட்டு. டிஷ்யூ பேப்பர் லேசாக நீலம், அது எப்போதும் அப்படித்தான். மேஜையில் இருந்த என் சாப்பாட்டு டப்பாவின் மூடி பளிச்சென்று மின்னியது. சாம்பார். துடைத்துவிட்டு மேற்கொண்டு தேடினேன்.

கையுறைக் குப்பையில் ஒரு ஜோடி மின்னியது. கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் மட்டும். டப்பா மூடியின் அதே மஞ்சள் பச்சை.

அப்புறம் கதவுக்குப் பின்னால் கோட்டுகள். அவள் கோட்டின் காலர் உள்பக்கம். கழுத்தைச் சுற்றி வளைந்து, முன்பக்கம் இரண்டு கோடாக இறங்கிச் சேர்கிற மாதிரி, மெல்லிசாக ஒரு கோடு. கயிற்றின் முறுக்குகூடத் தெரிந்தது.

கோட்டை இருந்த மாதிரியே மாட்டினேன். ஜன்னல்களைத் திறந்தேன்.

ஜூலை 5, சனி

எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 6, ஞாயிறு

மஞ்சள் கயிறு. புதுத் தாலிக் கயிறு. தினமும் குளிக்கும்போது மஞ்சள் தேய்க்கிறாள், நாள் முழுக்க வெளியே தெரியாமல் ஈரக் கையுறையால் உள்ளே தள்ளுகிறாள். ஆல்கஹாலில் மஞ்சள் நன்றாகக் கரையும். அந்த விரலால் ஸ்லைடின் ஓரத்தைத் துடைக்கிறாள். ஒட்டகத் திமிலை மஞ்சளின் வளைவோடு வைத்துப் பார்த்தேன். அச்சு அசல். பார்த்ததும் அந்த ஆபரேட்டருக்குப் புரிந்திருக்கிறது. புரியாமல் என்ன, கட்டியவனே அவன்தானே. ஜூன் ஆறாம் தேதி அவளும் லீவு, அவனும் லீவு. பெரியப்பாவிடம் மதுரையில் கருத்தரங்கு, என்னிடம் பவானியில் வேண்டுதல். அவர் புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது, எனக்குத்தான் இல்லை.

அந்தக் கல்யாண லட்டை நான் இரண்டு தின்றிருக்கிறேன்.

வயிறு எரிகிறது. எரிவதற்கு எனக்கு ஓர் உரிமையும் கிடையாது. எரிகிறது.

நாளை மீட்டிங். வளைவைத் திரையில் போட்டு, மஞ்சள் என்று ஒரு வார்த்தை சொன்னால் என் வேலை முடிந்தது. படத்துக்கு வழி பிறக்கும், பேப்பர் வரும். யாருடைய மஞ்சள் என்று அடுத்த கேள்வி வரும். சொல்லிவிட்டால் ஐந்தரைக்குள் பெரியப்பாவுக்குப் போய்விடும். ஆவணியில் கல்யாணம் என்று அவளுக்குச் சொந்தத்தில் மாப்பிள்ளை பேசி வைத்திருக்கிறார்கள். அறிவழகன் அவர்கள் சாதி இல்லை. அவர்கள் சொந்தத்திலேயே ஒரு பெண் இப்படிப் போனபோது கட்டிய பையனுக்கு நேர்ந்ததை அவளே ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள். சொல்லிவிட்டுச் சோற்றை மூடி வைத்துவிட்டாள். சொல்லாவிட்டாலோ வேறு பிராஜெக்டுக்கு மாற்றுவார்கள், அங்கேயும் எவனாவது ஸ்லைடைப் பார்த்துவிட்டு டார்ச்சைத் தூக்குவான்.

ஜூலை 7, திங்கள்

இந்த நாளைக் கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டும்.

இத்தனை ஆன்டிபாடி வீணானது ஏன் என்று விசாரிக்க அலுவலகத்திலிருந்து ஆள் வருவார் என்று மேடம் சொன்னார்கள். வந்து உட்கார்ந்தவர் பெரியப்பா. மடியில் ஃபைல். கோகிலா அவருக்கு எதிரில், கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு.

வளைவைப் போட்டேன். "புகைக்குக் காரணம் மஞ்சள், மேடம்."

"மஞ்சளா? சமையல் மஞ்சளா?"

"ஆமா மேடம். நீல ஒளியில பச்சையா மின்னும். நம்ம சாயத்துக்கு அண்ணன் தம்பி மாதிரி."

"லேபுக்குள்ள மஞ்சள் எங்கேர்ந்து வந்துச்சு? யாரோட மஞ்சள்?"

கோகிலாவின் கை காலருக்குப் போனது. பாதியில் நின்றது. மேஜை மேல் திரும்ப வந்து படுத்துக்கொண்டது. பெரியப்பா ஃபைலிலிருந்து தலையைத் தூக்கினார்.

"என்னோடது மேடம்" என்றேன்.

"என்னது?"

"மூஞ்சில பரு வருது மேடம். தெனமும் மஞ்சள் அரைச்சுப் பூசுறேன். அதோட வந்து எல்லா ஸ்லைடையும் தொடைச்சிருக்கேன்."

லேபே வெடித்துச் சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை.

"நீங்க செஞ்ச ஸ்லைடுல மட்டும் புகை இல்லையே?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "அன்னைக்கு மஞ்சள் தீந்து போச்சு மேடம்."

"இந்த வயசுல எதுக்குத் திடீர்னு அழகு?"

"ஊர்ல பொண்ணு பாக்குறாங்க மேடம்."

பெரியப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். "ஆம்பளப் பையன் மஞ்சக் குளிக்கறத இப்பத்தான் பாக்கறனுங் மேடம்! பொண்ணு அமைஞ்சா சொல்லுங் தம்பி, மொய்யோட வர்றேன்." ஃபைலில் ஏதோ எழுதி மூடினார்.

மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு யாரையும் பார்க்காமல் பொதுவாகச் சொன்னார்கள்: "எல்லார் கோட்டும் இன்னைக்கே சலவைக்குப் போகணும். காலர் உள்பக்கம் நல்லாத் தொவைக்கச் சொல்லுங்க."

காலர் என்று நான் சொல்லவே இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

காலையில் எனக்கு முன்னால் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"எப்பங்ண்ணா தெரியும்?"

"வெள்ளிக்கெழமை. டார்ச் அடிச்சேன்."

"கழட்டி வெச்சர்லாம்னு தெனமும் நெனப்பேனுங்ண்ணா. மனசே வரல."

திட்ட வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சேர்த்து வைத்திருந்தேன். ஒரு மாதம், ஒரு ஆன்டிபாடி, என் மானம். வாயைத் திறந்தால் வேறு ஏதாவது வந்துவிடும் போலிருந்தது.

"கயிறு கழுத்துலயே இருக்கட்டும்" என்றேன். "தொட்டா கையுறைய மாத்திக்க."

அவள் அழுதுகொண்டே தலையாட்டினாள். அறிவழகனுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்திருக்கிறதாம். இருவருக்கும் விசா வரும் வரை வெளியே தெரியக் கூடாது, மாதக் கடைசியில் வந்துவிடும் என்றாள். நல்லது என்றேன். அதைச் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன் என்பதை அவள் கவனிக்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

லேபில் எனக்குப் பெயர் 'மஞ்சள் மாப்பிள்ளை'. யாரோ என் டிராயரில் கிழங்கு மஞ்சள் வைத்திருக்கிறார்கள். எவன் என்று தெரிந்தால் அவன் எலியை அவிழ்த்துவிடுவேன்.

ஜூலை 18, வெள்ளி

கோகிலா புதிதாகச் செய்த ஸ்லைடு. எதுவும் பூசாதது. மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். கறுப்பு. விளக்கைக் கூட்டினேன், கறுப்பு. லென்ஸ் மூடியைக் கழற்றவில்லையோ என்றுகூடப் பார்த்தேன். அடுத்து சாயம் பூசியதை வைத்தேன். கறுப்புக்கு நடுவே தசைநாரின் ஓரத்தில் மட்டும் பச்சை, ஊசியால் கோடு இழுத்த மாதிரி. மூன்று வருஷமாகத் தேடிய புரதம் அங்கே உட்கார்ந்திருந்தது.

குதித்திருக்க வேண்டும். கறுப்பு ஸ்லைடையே திரும்ப வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதுவும் பூசாவிட்டால் ஒளிராமல் இருப்பதுதான் ஒழுங்கு. எனக்கு யார் என்ன பூசினார்கள்? ஒரு கரண்டி தக்காளி சாதம் வைத்தாள், அவ்வளவுதான். போன வருஷத்திலிருந்து சும்மாவே நின்று மின்னிக்கொண்டிருக்கிறேன். அவளை எனக்குப் பிடித்திருந்தது. எழுதிவிட்டேன், போதும்.

ஜூலை 28, திங்கள்

படத்தை அனுப்பியாயிற்று. கோகிலா வரவில்லை. மூன்றாவது மாடி அறை பூட்டியிருக்கிறது. இந்த முறை படியேறிப் போய்ப் பார்க்கவில்லை, வாட்ச்மேன் சொன்னார்.

ஐந்தரைக்குப் பெரியப்பா வந்து நின்றார். லேட்டாக வருவாள், நான் விட்டுவிடுகிறேன், நீங்கள் போங்கள் என்றேன். போனார். எனக்கு மட்டும் சொல்லியிருந்தாள்: அவள் விமானம் ஏழு மணிக்கு.

ஆகஸ்ட் 4, திங்கள்

நேற்று ஆடிப்பெருக்கு. ஜெர்மனியிலிருந்து அம்மாவுக்குப் போன் செய்து, ஊர்ப் பெயரைத் தவிர எல்லாம் சொல்லியிருக்கிறாள். ஹாஸ்டல் வாசலில் விட்டுவிட்டேன் என்ற என் பொய்யை நம்பி ஒரு வாரமாகத் தேடியவர்களுக்கு நேற்றுத்தான் விஷயம் தெரிந்தது. பெரியப்பா காலையில் வந்து, என் எதிரில் நின்று, ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். மொய் வைக்கிறேன் என்று சிரித்த மனிதர். பார்க்க முடியவில்லை.

பதினொரு மணிக்கு லேப் போன் அடித்தது. பவானியிலிருந்து அவளுடைய அப்பா.

"ஏனுங் தம்பி, பூவராகன் நீங்கதானுங்களா? எங்க புள்ள எந்த ஊருக்குப் போச்சுன்னு மட்டும் சொல்லுங்."

"தெரியாதுங்க."

"உங்களுக்குத் தெரியாம இருக்காதுங். ஊருக்கு வந்தா உங்க பேச்சுத்தான் பேசும். நீங்க அதுக்கு என்ன வேணுமுங்?"

ஆத்திரத்தில் கேட்கிறாரா, நிஜமாகவே தெரியாமல் கேட்கிறாரா என்று புரியவில்லை. மேடம் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணன்" என்றேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அப்ப உங்களையும் உட்டுட்டுத்தான் போயிருச்சுங்களா தம்பி" என்றார்.

"ஆமாங்க" என்றேன். அவரிடம் நான் பேசியதில் அது ஒன்றுதான் நடிப்பில்லை.